கடைசித் தேர்வுக்கு மறுநாள் புதுக்கோட்டைக்கு

நான்காவது செமஸ்டரின் கடைசித் தாளை எழுதி முடித்த அன்று மாலையே பிரிவு உபசார விழா பற்றிப் பேச்சு வந்தது. ஹால் பிடித்து, பிரியாணி சொல்லி, ஆளுக்கொரு நினைவுப் பரிசோடு கலைந்துபோவதில் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. "நாம வகுப்புல படிச்ச கல்லையெல்லாம் ஒருதடவ நேர்ல பாத்துட்டுப் பிரிவோமே" என்றான் அறந்தாங்கித் தம்பி. அதற்குமேல் விவாதமே இல்லை. தஞ்சாவூரிலிருந்து வேன். விடிவதற்கு முன் புறப்பாடு. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு. மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

எங்களுடையது தொல்லியலும் கல்வெட்டியலும் படிக்கும் முதுகலை வகுப்பு. மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. எனக்கு 62. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் நான் வளர்ந்த தெருவில் இருந்த கோயிலின் அடித்தளம் முழுக்க எழுத்துதான். பாட்டி பிரகாரம் சுற்றி முடிக்கும்வரை அந்த எழுத்துகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. வேலை, கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கேள்வி என்கூடவே வந்தது. பணி ஓய்வு பெற்றதும் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

முதல் வாரம் எல்லாரும் என்னை 'மேடம்' என்றார்கள். தீபாவளிக்குள் 'அம்மா' ஆகிவிட்டேன். அறந்தாங்கித் தம்பிக்கு மட்டும் பாசம் பொங்கும்போது 'அப்பத்தா'.

கந்தர்வகோட்டையில் டீ குடிக்க வேனை நிறுத்தியபோது நன்றாக விடிந்துவிட்டது. வேனுக்குள் பாட்டும் கைதட்டலும். பின்சீட்டில் இருவர் மட்டும் எதுவும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள், அடுத்த நாள் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறவர்கள். அவர்களை யாரும் சீண்டவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் 15 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். வெயில் ஏறுவதற்குள் ஏழடிப்பட்டம் என்ற மலைக்குகையைப் பார்த்துவிட வேண்டும் என்று முதலில் மலை ஏறினோம். பாறையில் காலை வைக்க ஏழு குழிகள் வெட்டியிருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஆனாலும் என் முன்னால் ஒரு பையனும் பின்னால் ஒரு பெண்ணும் என்று பிள்ளைகளே ஏற்பாடு செய்துகொண்டு என்னை நடுவில் விட்டுத்தான் கூட்டிப்போனார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு வருடமாக எந்தப் படியேறினாலும் அப்படித்தான்.

உள்ளே சமண முனிவர்களுக்காகப் பாறையிலேயே வெட்டிய படுக்கைகள் 17 இருக்கின்றன. தலைப்பக்கம் தலையணைபோல மேடு. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கல். இரண்டாயிரம் வருடம் கழித்தும் வழவழப்புப் போகவில்லை. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமி ஓடுகிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது செய்தி. எருமிநாடு மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. பாடத்தில் இதைப் பல முறை எழுதிப் பார்த்திருக்கிறோம். நேரில் ஆலங்குடிப் பெண்தான் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். குமுழூரில் வரும் ழகரத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. வடக்கே பிராமியில் இல்லாத எழுத்து அது. ழ, ள, ற, ன என்ற நான்கையும் தமிழுக்காகவே சேர்த்தார்கள் என்று முதல் செமஸ்டரில் படித்ததைக் கண்ணெதிரே கல்லில் காண்பது வேறு விஷயம்தான்.

வாசித்து முடித்து நிமிர்ந்தவள், "எங்கேயோ இருந்து வந்தவருக்கு இந்த ஊர்க்காரங்க எடம் போட்டுக் குடுத்திருக்காங்கம்மா" என்றாள்.

எனக்கு எங்கள் வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் இருக்கை ஒன்று உண்டு. நான் சேர்ந்த சில நாட்களிலேயே அது எனக்கென்று ஆகிவிட்டது. யார் முதலில் வந்தாலும் அதில் உட்கார மாட்டார்கள். கல்வெட்டுகளைப் படியெடுத்த தாள்களைக் கண்ணுக்குச் சிரமம் இல்லாமல் பார்க்க அந்த வெளிச்சம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

பிராமி எழுத்தை எனக்குப் பழக்கியதும் இவர்கள்தான். கூட்டல் குறி போட்டால் க, அரைவட்டம் போட்டால் ட என்று வகுப்புக்குள் சீட்டு வரும். 'டீ குடிக்கப் போகலாமா' என்று இரண்டாயிரம் வருடத்து எழுத்தில் எழுதியிருக்கும். பதிலையும் அதே எழுத்தில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் டீ கிடையாது. பாடப்புத்தக அட்டவணையை வைத்து மனப்பாடம் செய்ததைவிட அந்தச் சீட்டுகளில் படித்ததுதான் எனக்கு நின்றது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

கீழே இறங்கி அறிவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். விதானத்தில் தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். நிறைய உதிர்ந்துபோய்விட்டது. மிச்சமிருப்பதே மனதை நிறைக்கிறது. ஒரு காலத்தில் இதை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து ஓவியம் என்றுதான் எழுதினார்கள். பிறகு, முகப்புப் பக்கப் பாறையில் உள்ள கல்வெட்டைப் படித்தபோது, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் கட்டினார் என்று தெரியவந்தது. ஒரு கல்வெட்டு மொத்தக் கணக்கையும் மாற்றும் என்று எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கருவறைக்குள் நின்று மெல்ல ரீங்காரம் செய்தால் கல்லே திருப்பி ஒலிக்கும். எல்லாரும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். பின்சீட்டுக்காரர்கள் இருவரும் சேர்ந்து செய்தார்கள்.

அப்புறம் குடுமியான்மலை. இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். மேலைக்கோயில் என்ற குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. வடமொழி எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்து, மொழியும் வடமொழி, ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டு. ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே போகிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு ராகத்துக்கு: மத்தியம கிராமம், ஷட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம். நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கட்டிக் கட்டி வரிவரியாகப் பொறித்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் பாட்டுப் படித்த பெண் ஒருத்தி உண்டு. அவள் விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே நகர்த்தி, நான்கு நான்காகத் தாளம் போட்டு ஸ்வரங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் காலத்தில் எப்படிப் பாடினார்கள் என்பது வேறு. எங்களுக்கு அந்த எழுத்துகள் வாயில் வந்ததே போதுமானதாக இருந்தது. நாங்கள் கையில் தாளம் போட்டோம்.

கல்வெட்டின் முடிவில் ஒரு செய்தி இருக்கிறது. ருத்ராசாரியரின் மாணவனான, பரம மகேசுவரனான, அதாவது சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்று. அந்த அரசன் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மகேந்திரவர்மன் என்று நெடுநாள் சொன்னார்கள், பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். யாராக இருந்தாலும், தன்னை முதலில் ஓர் ஆசிரியரின் மாணவன் என்று சொல்லிக்கொண்டு, படிக்கிறவர்களுக்காக ஒரு பாறையையே பாடப்புத்தகமாக்கிய மனிதன். தன் பெயரைப் பொறிக்காமல் தன் ஆசிரியரின் பெயரைப் பொறித்திருக்கிறான். அதை எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோதே பிடித்திருந்தது. படித்து முடித்த மாணவர்களாக அந்தப் பாறைக்கு முன் சேர்ந்து நின்றபோது என்னால் பேச முடியவில்லை. ஆலங்குடிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழுவாகப் படம் எடுத்துக்கொண்டது அங்கே மட்டும்தான்.

கோயிலின் மண்டபத்துச் சிற்பங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் ரதியையும் மன்மதனையும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

மதியம் மரத்தடியில் சாப்பாடு. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு. பரமக்குடிப் பையன் புளியோதரையைத் தொடமாட்டான் என்பது தெரிந்து அவனுக்குத் தனியாக எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தேன். அவன் அதை ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டபின், நாங்கள் முதன்முதலில் கல்வெட்டைப் படியெடுத்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. மைப்படி எடுப்பது பார்க்க எளிது, செய்யும்போதுதான் தெரியும். கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, அடிப்பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வர வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தட்ட வேண்டும், கிழியாமலும் தட்ட வேண்டும். கொஞ்சம் ஈரம் உலர்ந்ததும் துணிப்பொதியில் மையைத் தொட்டு ஒற்றி எடுத்தால் கறுப்பு நடுவே வெள்ளையாக எழுத்து எழும். பயிற்சிக்குக் கிடைத்த கல்லில் எனக்குத் தோள் வலி எடுத்தபோது, அறந்தாங்கித் தம்பி பின்னால் நின்றுகொண்டு, "தோள வைக்காதீங்க அப்பத்தா, மணிக்கட்டுல தட்டுங்க, சத்தத்தக் கேளுங்க, சத்தம் மாறுனா தாள் உக்காந்துருச்சுன்னு அர்த்தம்" என்றான். அவன் அப்பா கல்தச்சர். அந்தச் சத்தத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அன்று என் கையால் எழுந்து வந்த முதல் எழுத்து 'ஸ்வஸ்தி ஸ்ரீ'. வகுப்பே கைதட்டியது.

நார்த்தாமலைக்குப் போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது. ஊரைத் தாண்டி வெறும் பாறையில் நடை. மேலே விஜயாலய சோழீசுவரம் மேற்குப் பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம், சுற்றிலும் சிறுசிறு பரிவாரக் கோயில்கள். எதிரே குடைவரையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் உருவங்கள். பெயரில் சோழன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் கட்டியது இது என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்றும் வாயிற்காவலர் சிலையின் அடியில் உள்ள கல்வெட்டு சொல்கிறது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க நேராக வெளிச்சம் அடித்துப் பயனில்லை. டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். ஆளுக்கொரு சின்ன டார்ச் வாங்கி வந்திருந்தேன். அங்கேதான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் குந்தி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தார்கள். அவர்கள் எனக்குக் கொடுத்தது ஒரு பெரிய தாள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தனக்குப் பிடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள்: பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழ். அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆள் சொல்லியாகிவிட்டது.

பிள்ளைகளே, அன்று இருட்டில் பாறை இறங்குகிற மும்முரத்தில் சொல்ல நினைத்ததெல்லாம் சொல்ல முடியவில்லை. ஆலங்குடிப் பெண்ணே, நெட் தேர்வு முதல் தடவை வராவிட்டாலும் விட்டுவிடாதே. உன்னைப் போல ஒரு கல்லைப் பொறுமையாகப் படிக்கிறவளை நான் பார்த்ததில்லை. அறந்தாங்கித் தம்பி, அகழாய்வுக் குழியில் வெயிலில் நிற்கும்போது தொப்பி போடு, தண்ணீர் குடி, அப்பாவிடம் உளி பிடிப்பதைப் பற்றிக் கேட்டதையெல்லாம் எழுதி வை. பரமக்குடிப் பையா, குரூப் தேர்வுக்குப் படிக்கிற வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்றாய். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்து இருந்து படி. கல்யாணம் நிச்சயமான என் செல்லமே, மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். பின்சீட்டுக்காரர்களே, வாரம் ஒருமுறையாவது ஒருவருக்கொருவர் போன் செய்யுங்கள்.

எனக்கு இரண்டு வருடம் நீங்கள் செய்ததற்கு என்ன சொன்னாலும் ஈடாகாது. கோடையில் நான் கும்பகோணத்துக் கோயிலுக்குப் போய்ப் பாட்டிக்காகக் காத்திருந்த அந்த அடித்தளத்தை மொத்தமாகப் படித்து எழுதப் போகிறேன். சந்தேகம் வரும் இடமெல்லாம் படம் எடுத்து உங்களுக்குத்தான் அனுப்புவேன்.

அப்புறம், நேரமில்லாமல் கொடும்பாளூர் மூவர் கோயில் விட்டுப்போயிற்று அல்லவா? ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம். திருச்சி, மதுரை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் விராலிமலையில் சேர்ந்துகொள்ளலாம். சாப்பாடு நான் கொண்டுவருகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று ஆடி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள், வேன் பேச வேண்டும்.