கசப்பை விரட்டாத சீனப் பாகற்காய்

பாகற்காயைக் கையில் எடுத்ததுமே கசப்பை எப்படிப் போக்குவது என்றுதான் யோசிக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், டௌச்சி போட்டு வதக்கிய சீனப் பாகற்காயைச் சாப்பிடும் வரை. கசப்பு அப்படியே இருந்தது, ஆனாலும் கை தானாக அடுத்த துண்டுக்குப் போனது.

டௌச்சி என்பது கறுப்பு சோயாவை வேகவைத்து, உப்பு சேர்த்துப் புளிக்கவிட்டு உலர்த்துவது. பார்க்கச் சுருங்கிய உலர்திராட்சை மாதிரி இருக்கும். நேற்று வந்த பொருள் இல்லை இது. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் மாவாங்துயி என்ற இடத்தில் 1972-இல் தோண்டிய ஹான் அரச மரபுக் காலத்துக் கல்லறையில், 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்த ஜாடியில் இது இருந்திருக்கிறது. அதன் உப்பும் புளித்த வாசனையும் கசப்புக்குச் சரியான துணை.

தென்சீனாவின் குவாங்டோங் பக்கத்தில் இந்தப் பாகற்காய் வதக்கலை மாட்டிறைச்சியோடு செய்வார்கள். இறைச்சியை மெல்லியதாக, நாருக்குக் குறுக்கே நறுக்கி, சோயா சாஸ், சோளமாவு, கொஞ்சம் எண்ணெய் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். காய் சீன வகையாக இருந்தால் நல்லது, வெளிர்பச்சையாக நீளமாக இருக்கும், கூரான முள் இல்லாமல் மழமழவென்று வரிவரியாக இருக்கும், கசப்பும் சற்றுக் குறைவு. நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சைக் கரண்டி முனையால் சுரண்டிவிட்டு, சாய்வாக நறுக்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரே ஒரு நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். முதல் தடவை நான் கசப்புக்குப் பயந்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டேன், கசப்பு குறைந்ததென்னவோ உண்மைதான், ஆனால் வாணலியில் போட்டதும் மொத்தமும் கூழாகிவிட்டது. கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும், அதுதான் இந்த வதக்கலின் உயிர்.

வாணலி புகையும் வரை காய்ந்ததும் இறைச்சியைப் போட்டு, முக்கால் பதம் வெந்ததும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பூண்டு, இஞ்சி, கழுவி நசுக்கிய டௌச்சி இரண்டு தேக்கரண்டி. வாசனை மேலே எழும்பியதும் பாகற்காய், ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு நிமிடம், மறுபடி இறைச்சி, இறக்கிவிடலாம். தனியாக உப்பு வேண்டாம்.

சீனத்தில் இந்தக் காய்க்குப் பண்பாளர் காய் என்றொரு பெயர் உண்டு. கூடச் சேர்ந்த பொருளுக்குத் தன் கசப்பைக் கொடுக்காதாம். இந்த வதக்கலில் இறைச்சித் துண்டை மட்டும் தனியாக எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், ஏன் சொன்னார்கள் என்று புரியும். குவாங்டோங் பக்கத்து மொழியான கான்டோனீஸ் பேசுகிறவர்கள் 'கசப்பு' என்ற சொல்லையே தவிர்த்து லியோங் குவா, அதாவது குளிர்ச்சிக் காய் என்கிறார்கள். கசப்பைக் குறிக்கும் சொல்லுக்கு அவர்கள் மொழியில் துன்பம் என்றும் பொருள் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் அது எதற்கு?

இறைச்சி வேண்டாம் என்றால் தைவானில் செய்கிற உப்பு முட்டைப் பாகற்காய் இருக்கிறது. எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும். உப்பில் ஊறிய வாத்து முட்டையை அவித்து, மஞ்சள் கருவை மட்டும் மசித்து மிதமான சூட்டில் எண்ணெயில் போட்டால் நுரைத்துப் பொங்கும், அந்த நுரையில் வடித்த பாகற்காயைப் புரட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பொன்னிறமாக மணல்மணலாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கிக் கடைசியில், பார்த்துப் பார்த்துப் போடுங்கள், உப்பு அதில்தான் அதிகம்.