டோசிலிசுமாப் போட்டவருக்கு சிஆர்பியை நம்பலாமா?

காய்ச்சல் விடாமல் அடித்தால் டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் சிஆர்பி அநேகமாக இருக்கும். உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. சிஆர்பியைச் செய்வது கல்லீரல். செய்யச் சொல்வது செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் இன்டர்லியூகின்-6, சுருக்கமாக ஐஎல்-6. இந்த உறவு புரியாவிட்டால், ஐஎல்-6-ன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து போட்ட நோயாளிகளின் ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்துவிடுவோம்.

கிருமியைக் கண்ட மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் ஐஎல்-6-ஐச் சுரக்கின்றன. 184 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இதன் மரபணுவை ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் 1986-ல் கண்டெடுத்தார்கள். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பைகோகிராம்தான் இருக்கும். தொற்றால் உறுப்புகள் பழுதாகும் கடும் செப்சிஸில் அது ஆயிரக்கணக்கில் எகிறும்.

ஐஎல்-6 செல்லின் மேலுள்ள தன் ஏற்பியில் (செய்தியை வாங்கும் புரதத்தில்) ஒட்டினால் மட்டும் போதாது. இருவரும் சேர்ந்து ஜிபி130 என்ற இன்னொரு புரதத்தையும் பிடிக்க வேண்டும். மூன்றிலும் இரண்டிரண்டாக ஆறு மூலக்கூறுகள் கூடியதும், ஜிபி130-ன் உள்முனையில் உள்ள ஜேக் நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட்3 என்ற புரதத்துக்கு பாஸ்பேட் ஏற்றும். ஸ்டாட்3 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும். கல்லீரல் செல்லில் அதன் விளைவு சிஆர்பி. பி செல் என்ற வெள்ளணுவில் எதிர்ப்பொருள் உற்பத்தி. கூடவே சாக்ஸ்3 என்ற தடைப் புரதமும் உருவாகி ஜேக்கை அடக்கும். சமிக்ஞை தானே ஓய்வதற்கான ஏற்பாடு அது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஏற்பி கல்லீரலிலும் சில வெள்ளணுக்களிலும்தான் உண்டு. ஜிபி130 அநேகமாக எல்லா செல்லிலும் உண்டு. அழற்சி முற்றும்போது ஆடம்17 என்ற நொதி ஏற்பியை வெட்டி ரத்தத்தில் மிதக்க விடுகிறது. மிதக்கும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு ஐஎல்-6 ரத்தக்குழாய்ச் சுவரையும் தூண்டிவிடும். குழாய் கசிகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. ஐஎல்-6 போன்ற செய்திப் புரதங்கள் (சைட்டோகைன்கள்) கட்டுமீறிப் பெருகும் சைட்டோகைன் புயலில் ஆளைச் சாய்ப்பவற்றில் இது முக்கியமானது.

செல்லில் இருப்பது, ரத்தத்தில் மிதப்பது என இரண்டு வகை ஏற்பியையும் அடைக்கும் மருந்துதான் டோசிலிசுமாப். நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையால் புயலில் சிக்கிய ஒரு சிறுமியை 2012-ல் பிலடெல்பியாவில் இது காப்பாற்றியது; 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தப் பயன்பாட்டை அங்கீகரித்தது. 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதற்குக் கீழே 12. ஒரு தடவைக்கு 800-ஐத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பலன் போதாவிட்டால், குறைந்தது 8 மணி நேர இடைவெளி விட்டு இன்னும் மூன்று தடவை வரை தரலாம்.

குழப்பம் மருந்து ஏறிய பிறகுதான். ரத்தத்தில் ஐஎல்-6 அளவு கூடும். நோய் முற்றியதாகப் பதற வேண்டாம்: ஐஎல்-6-ஐ உள்ளிழுத்து அப்புறப்படுத்துவதும் அதே ஏற்பிதான், அது அடைபட்டதால் தேங்குகிறது. சிஆர்பியோ சரசரவென்று இறங்கும். கல்லீரலுக்குச் செய்தி போகாததால் இறங்குகிறதே தவிர, தொற்று தணிந்துவிட்டதாக அர்த்தமில்லை. நுரையீரலில் நிமோனியா இருந்தும் சிஆர்பி சாதாரணமாக வரலாம், காய்ச்சல்கூடத் தலைகாட்டாமல் இருக்கலாம். ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), மூச்சின் வேகம், ரத்த அழுத்தம், எக்ஸ்ரே ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்காக இந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே நிலைதான். தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். பிறகு இருமலோ வயிற்றுவலியோ என்று எந்த டாக்டரிடம் போனாலும், கடைசி ஊசி போட்ட தேதியை முதலில் சொல்லுங்கள். சில வாரங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.