இரண்டு பற்சக்கரம், 72 ஃபிரேம்: லூப் வேலைக்குறிப்பு

மார்ச் 3, 2025

முப்பரிமாண அசைபட மென்பொருளான பிளெண்டரில் ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் இரண்டு பற்சக்கரங்கள். இணைப்புத் தெரியாமல் திரும்பத் திரும்ப ஓடும் லூப். பெரியதில் 20 பல், 5 ஆரக்கால். சின்னதில் 12 பல், 4 ஆரக்கால். நொடிக்கு 25 ஃபிரேம் (படம்).

ஃபிரேமுக்குப் பெரியது 3 டிகிரி நகர்ந்தால், சின்னது எதிர்த்திசையில் 5 டிகிரி நகர வேண்டும். இரண்டும் பழைய நிலைக்கே திரும்பப் பெரியது 3 சுற்று, சின்னது 5 சுற்று ஆகும். அதற்கு 360 ஃபிரேம். அவ்வளவு தேவையில்லை. பெரியதன் ஆரக்கால்கள் 72 டிகிரிக்கு ஒன்று, அதாவது 24 ஃபிரேமுக்கு ஒருமுறை அதே தோற்றம். சின்னதில் 90 டிகிரி, 18 ஃபிரேம். இரண்டும் ஒத்துவரும் இடம் 72. ரெண்டர் நேரம் (கணினி படங்களை உருவாக்கும் நேரம்) ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

ஆனால் பெரிய சக்கரத்தில் ஒரே ஒரு கீறலோ எழுத்தோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 72-ஆம் ஃபிரேம் தாண்டியதும் கீறல் குதிக்கும். உலோகத்தின் தேய்மானம் வேண்டுமென்றால் ஓர் ஆரக்கால் பகுதிக்கு மட்டும் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) செய்து, அதையே ஐந்து முறை திருப்பி வைக்க வேண்டும்.

மார்ச் 4

கீஃபிரேம் (சுருக்கமாகக் கீ): எந்த ஃபிரேமில் எந்தக் கோணம் என்று குறித்துவைப்பது. பெரியது: 1-இல் 0 டிகிரி, 73-இல் 216. சின்னது: 1-இல் 15, 73-இல் −345. அந்த 15 டிகிரி அரைப் பல் தள்ளல். இல்லாவிட்டால் பல்லும் பல்லும் மோதும். ரெண்டர் 72-இல் முடிகிறது.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இறுதிக் கீயை 72-இல் வைத்தால் 72-ஆம் படமும் 1-ஆம் படமும் ஒன்றாகிவிடும். ஒரே படம் அடுத்தடுத்து இருமுறை வரும்போது சக்கரம் ஒரு கணம் திக்கும். 72-இலிருந்து 1-க்கு வருவதும் மற்றவற்றைப் போல ஒரு 3 டிகிரி அடியாக இருக்க வேண்டும்.

அடுத்து வேகம். பிளெண்டர் இயல்பாகப் பெசியர் வளைவு போடும். தொடக்கத்தில் மெதுவாகக் கிளம்பி, முடிவில் தளரும். கிராஃப் எடிட்டரில் கீக்களைத் தேர்ந்து, டி அழுத்தி, லீனியர் (சீரான வேகம்).

மார்ச் 6

சுழற்சி முறை எக்ஸ்-ஒய்-இசட் ஆய்லர்தானா (மூன்று அச்சுகளின் கோணங்களாகப் பதிவது) என்று பார்ப்பது நல்லது. பொருளை அசைக்கப் பொருத்தும் ‘எலும்பு’களுக்கு இயல்பு குவாட்டர்னியன் (சுழற்சியை நான்கு எண்களாகப் பதிவது); அதில் 216 டிகிரி கொடுத்தால் குறுக்குவழியாக 144 டிகிரி பின்னோக்கிச் சுற்றும், 360 கொடுத்தால் அசையவே அசையாது.

சக்கரம் தள்ளாடினால் ஒரிஜின் (அது சுழலும் புள்ளி) மையத்தில் இல்லை என்று பொருள்.

மார்ச் 7

மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) போட்டதும் முதல் ஃபிரேம் மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மை. ஷட்டர் 0.5, ஃபிரேமின் நடுவில் என்றால் 1-ஆம் ஃபிரேமுக்கு 0.75 முதல் 1.25 வரை திறந்திருக்கும். 1-க்கு முன்னால் கீ இல்லாததால் சக்கரம் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. பாதி மங்கல் காணாமல் போகிறது. தனியாகப் பார்த்தால் தெரியாது, லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் மினுக்கும். ஷிஃப்ட்+இ, லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன்: கோடு இருபுறமும் நீள்கிறது, மினுக்கல் போய்விடுகிறது.

பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில், இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிகள்) எப்படி அமையும் என்று தீர்மானிக்கும் சீடு எண்ணை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற விடுவதே சரி. மாறாவிட்டால் திரைமேல் ஒட்டிய அழுக்குபோல இரைச்சல் ஒரே இடத்தில் நிற்கும்.

வேகத்தைக் கூட்டச் சொன்னால் எல்லை உண்டு. பெரியதில் இரு பல்லுக்கு இடையே 18 டிகிரி. ஃபிரேமுக்கு 9-ஐத் தாண்டினால் பற்கள் பின்னோக்கி ஓடுவதாகக் கண் எடுத்துக்கொள்ளும்.

மார்ச் 10

நேரடியாக வீடியோவாக இல்லாமல் பிஎன்ஜி படங்களாக ரெண்டர். ஒரு ஃபிரேம் கெட்டால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம். 1-ஐயும் 2-ஐயும் டிஃபரன்ஸ் முறையில் (வேறுபாடு மட்டும் தெரியும்படி) மேலடுக்கிப் பார்த்து, பிறகு 72-ஐயும் 1-ஐயும் அப்படியே பார்க்க வேண்டும். பல் விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோடு இரண்டிலும் ஒரே தடிமன் என்றால் இணைப்பு சரி. இரைச்சல் புள்ளிகள் தவிர முழுக் கறுப்பு வந்தால் படம் இரட்டித்திருக்கிறது.

நொடிக்கு 24 ஃபிரேமை விட்டு 25 எடுத்தது ஜிஃபுக்காக. அதில் ஃபிரேம் நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு என்ற அலகில் முழு எண்ணாகத்தான் பதிவாகும். 25-க்குச் சரியாக 4. 24-க்கு முழு எண் கிடையாது. 256 நிற அட்டவணையை 72 படங்களுக்கும் பொதுவாக ஒன்றே போட்டால் பித்தளையின் நிறம் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்காது.