அப்பாவின் பத்மினி வேறு பாடிக்கு மாறிய கதை: 5 மாத வேலை

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் 11 வருஷமாக நின்ற வண்டி இது. 1986 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்த காலத்தில் வாங்கியது. போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மச்சானும் சேர்ந்து அதை வெளியே இழுத்தோம்.

வெளியே பார்க்க அவ்வளவு மோசமில்லை. கால்மிதியைத் தூக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடியில் இருந்த நார் மெத்தை, ஊறிய வைக்கோல் மாதிரி கையோடு வந்தது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தப்’ என்றது. முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகக் கீழே கிடந்த மாஞ்சருகு தெரிந்தது.

அந்தச் சருகுதான் காரணமும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் சந்தில் வருஷக்கணக்கில் இலை விழுந்து, தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. கொட்டகைக் கூரையின் ஓடும் அந்த இடத்தில் ஒழுகும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, மெத்தைக்கும் தகட்டுக்கும் நடுவில் காயாமலே நின்றிருக்கிறது.

தகட்டை மாற்றி வெல்டிங் அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கிருஷ்ணகிரியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்து, பின்பக்கம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “தம்பி, கதவு, பேனட் எதுவா இருந்தாலும் சரி பண்ணித் தரேன். இது ஸ்பிரிங் மாட்டுற இடம். இதுல ஒட்டுப் போட்டுக் குடுத்தா, நீங்க தொப்பூர் கணவாய் இறங்குறப்ப எனக்குத் தூக்கம் வராது” என்றார். பத்மினிக்கு லாரி, ஜீப் மாதிரி அடியில் தாங்கும் தனி சேஸ் கிடையாது. பாடிதான் சேஸ். பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடமும், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடும் மக்கிப்போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி.

அப்படித்தான் வேறு பாடி தேடும் முடிவுக்கு வந்தோம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலைக் குடோனில் 1992 மாடல் ஒன்று கிடைத்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஏற்கெனவே கழற்றி விற்கப்பட்டிருந்தன. ஆனால் மழை படாத இடம், தகடு முழுசாக இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேஸ் நம்பர் பாடியில்தான் அடித்திருக்கும். சட்டத்தின் கணக்கில் அந்த நம்பர் எங்கே இருக்கிறதோ அதுதான் வண்டி. அப்பா வண்டியின் நம்பரை வெட்டி எடுத்து இதில் ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது குற்றம், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். ஊத்தங்கரை வண்டியின் ஆர்சி ஒரிஜினலாக இருக்கிறதா, சேஸ் நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். எஞ்சின் மாறுவதை ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். அப்பாவின் எஞ்சினுக்கு அவருடைய ஆர்சியே சான்று. பழைய பாடியைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதன் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “நம்பர் போனா வண்டி போச்சுடா” என்றார். ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

கழற்றும் வேலை இரண்டு மாதம். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுமுன் போட்டோ, கழற்றிய பின் தனித்தனிக் கவர், மேலே மார்க்கரில் பெயர். வயர்களுக்குத் துணிப் பட்டை கட்டி எழுதினேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வேலை என்பதால், எழுதி வைக்காதது அடுத்த ஞாயிறு நினைவில் இருக்காது.

அதிகம் சோதித்தது ஷேக்கிள் பின், அதாவது பின்பக்க ஸ்பிரிங்கைப் பாடியோடு சேர்க்கும் இரும்பு முளை. மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்தும் அசையவில்லை. பாய் கேஸ் வெல்டிங் நெருப்பை, முளையைச் சுற்றியுள்ள இரும்பில் மட்டும் காட்டினார், முளை மேல் படவிடவில்லை. வெளி இரும்பு சூட்டில் விரியும், உள்ளே இருக்கும் முளை அந்த அளவுக்கு விரியாது. அந்த இடைவெளியில் சுத்தியலால் ஒரே அடி. துரு தூளாகக் கொட்டி, முளை வெளியே வந்தது.

எதையும் மாட்டுவதற்கு முன் புது பாடி கோணலில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, முன் சஸ்பென்ஷனும் பின் ஸ்பிரிங்கும் மாட்டும் இடங்களில் இருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். மூலைக்கு மூலை அளந்தால் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பாய் தலையாட்டினார். எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

எஞ்சின் 1089 சிசி, கார்புரேட்டர் வண்டி. கழற்றாமல் நேரடியாக செல்ஃப் அடித்திருந்தால் கெட்டிருக்கும். பிளக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கையால் சுற்றினோம், சுற்றியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்ததில் நான்காவது சிலிண்டர் மட்டும் குறைவு. ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்ததில் சரியானது. பெட்ரோல் டேங்குக்குள் சின்ன ஜல்லியும் தண்ணீரும் போட்டு அரை மணி நேரம் குலுக்கினோம். வந்த தண்ணீர் செம்மண் குட்டை நிறம். அப்புறம் பெட்ரோலால் கழுவிக் காய வைத்தோம்.

ஸ்டியரிங் ஓரமாக இருக்கும் கியர் லீவரின் கம்பிகளும் புஷ்ஷும் புது பாடியில் தேய்ந்திருந்தன. அப்பா வண்டியில் இருந்து முழு செட்டையும் மாற்றினேன். ரப்பர் பீடிங், வீல் சிலிண்டர் கிட், 5.20-14 டயர் எல்லாம் பெங்களூரு ஜேசி ரோட்டில் அலைந்து வாங்கியவை. வயரிங்கைப் பழையதில் இருந்து எடுக்கவில்லை, எலி கடித்திருந்தது. புதிதாகவே இழுத்தோம்.

பெயின்ட் ஐப்பசி மழையில் நின்றுபோனது. ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெளுத்துப் படியும் என்று பாய் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார். அந்த நேரத்தில் அடிப்பாகம் முழுக்கத் துத்தநாக பிரைமர் அடித்து, பெட்டித் தகடுகளுக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்சினோம். தண்ணீர் இறங்கும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன்.

கார்த்திகையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தோம். கார்புரேட்டர் வழியாக ‘பட்’ என்று திருப்பி அடித்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவின் மூடியில் இரண்டு வயர் இடம் மாறியிருந்தது, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் மாற்றிப் போட்டதும் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு அப்பா வந்து சீட்டில் உட்கார்ந்தார். கியர் லீவரை முதலுக்கும் இரண்டுக்கும் போட்டுப் பார்த்தார். பிறகு டேஷ்போர்டில் கை வைத்து, “மீட்டர் நம்மளதாடா?” என்றார். நம்முடையதுதான், 63418-இல் நிற்கிறது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அவரே ஒரு தரம் படித்தார்.

பிரேக் எண்ணெய்க் குழாயில் இன்னும் காற்று எடுக்க வேண்டியிருக்கிறது, பின் இடது சக்கரத்தில் காற்று நிற்பதால் பெடல் மெத்தென்று போகிறது. வலது பின் கதவு பூட்டும் இடத்தில் உரசுகிறது. இரண்டும் முடிந்ததும் ஆர்டிஓவில் காட்ட எடுத்துப் போக வேண்டும்.