எத்தனையா, எவ்வளவா?

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாரே தவிர, அதிகம் திறக்க மாட்டார். குறைவு என்று சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் ஃபியூவர் (fewer), லெஸ் (less) இரண்டையும் பற்றி அதில் ஒரு விதி இருந்தது: எண்ணக்கூடிய பொருளுக்கு ஃபியூவர், எண்ண முடியாததற்கு லெஸ். அதை வாசித்து முடிக்கவில்லை, பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

"சேர், அரிசியையும் எண்ணலாம்தானே?"

அடி விழப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். சேர் கேட்டார்: "கொம்மா கடைக்குப் போய் எத்தினை அரிசி எண்டு கேப்பாவோ, எவ்வளவு அரிசி எண்டு கேப்பாவோ?"

"எவ்வளவு எண்டுதான், சேர்."

"அப்ப லெஸ். இரு."

பாடம் அவ்வளவுதான். எத்தனை என்று கேட்பதற்கு ஃபியூவர், எவ்வளவு என்று கேட்பதற்கு லெஸ். தேங்காய் எத்தனை, தேங்காய்ப்பால் எவ்வளவு. பிள்ளைகள் ஃபியூவர் என்றால் சத்தம் லெஸ் என்று வெண்கட்டியால் பெரிதாக எழுதியும் வைத்தார். அது எங்கள் வகுப்பைப் பற்றிய அவருடைய கனவாக இருக்கலாம்.

இந்தக் கேள்வியின் அருமை லண்டனுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. புத்தக விதி தடுமாறுகிற இடங்கள் பல. ரூபாயையும் பவுணையும் விரல் விட்டு எண்ணலாம். ஆனால் 50 பவுணுக்குக் குறைவு என்றால் ஆங்கிலேயர் லெஸ் என்றுதான் சொல்வார்கள். மைல், நிமிடம் எல்லாம் அப்படியே. புத்தகம் இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடும். எங்களுக்கோ காசு எவ்வளவு, பருத்தித்துறைக்கு எவ்வளவு தூரம், பஸ் வர எவ்வளவு நேரம் என்பது வாயில் வருகிற பேச்சு. தனித்தனியாக எண்ணுகிறோமா, மொத்தமாக அளக்கிறோமா என்பதைத் தமிழ்க் காது முதலிலேயே பிரித்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் இது செல்லாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எத்தனை வயது, எத்தனை வீதம் என்றுதான் நாங்கள் கேட்போம். ஆங்கிலத்திலோ 18 வயதுக்குக் குறைவு என்றாலும் 30 வீதத்திற்குக் குறைவு என்றாலும் பெரும்பாலும் லெஸ்தான்.

வகுப்பில் இன்னொரு கேள்வியும் வந்தது. கூடினால் இரண்டுக்கும் ஒரே 'மோர்' (more). குறைந்தால் மட்டும் ஏன் இரண்டு சொல்? "அதை வெள்ளைக்காரனைத்தான் கேக்கவேணும்" என்று சேர் தப்பிவிட்டார். வெள்ளைக்காரரும் முந்தி இதில் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் வந்திருக்கிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், நூறு பேர் என்பதுபோன்ற எண்ணிக்கைக்கு ஃபியூவர் பொருத்தம் என்று தான் நினைப்பதாக எழுதினார். கட்டளையாக அல்ல, தன் விருப்பமாகத்தான். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். எங்களுக்குக் குறைந்த புள்ளியெல்லாம் அந்தச் சட்டத்தால்தான்.

இங்கே இந்தச் சண்டை சுப்பர்மார்க்கெட் வரை போனது. டெஸ்கோவில் விரைவு வரிசைப் பலகைகளில் 10 பொருள் 'ஓர் லெஸ்' (or less), அதாவது அல்லது அதற்குக் குறைவு, என்று இருந்தது. ஃபியூவர் என்று இருக்கவேண்டும் என்று பலர் முறைப்பட்டார்கள். 2008இல் எளிய ஆங்கிலத்துக்காக இயங்கும் ஓர் அமைப்பின் யோசனைப்படி, '10 பொருள் வரை' என்று பொருள்படும்படி மாற்றினார்கள். இரண்டு சொல்லும் இல்லை, சண்டையும் இல்லை. நல்ல கெட்டித்தனம். ஆனால் சேர் இதற்குப் புள்ளி போட்டிருக்க மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் வேறு எதையோ எழுதிவைத்தால் அவருக்குப் பிடிக்காது.

கடைசியாக ஒன்று. இங்கே எங்கள் சங்கத்தின் ஆங்கில யாப்பை, அதாவது சங்க விதிகளை, எடுத்துப் பாருங்கள். பொதுக்கூட்டத்துக்கு இத்தனை உறுப்பினருக்குக் குறையாமல் வரவேண்டும் என்ற இடத்தில் லெஸ் என்றே இருக்கிறது. சட்ட ஆங்கிலத்தில் அப்படி எழுதுவது வழமைதான் என்று செயலாளர் சொல்கிறார். அது உண்மையும்கூட. இருந்தாலும் திருத்தப் பிரேரணை ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அதை நிறைவேற்ற அந்த 'லெஸ்' கேட்கிற அளவு ஆட்களாவது கூட்டத்துக்கு வரவேண்டும். போன வருடம் வரவில்லை.