டிப்பர் மோதி அத்தான் இறந்த பிறகு: நட்டஈட்டு வழக்குக்கு நாங்கள் போன வழி

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியில் டிப்பர் மோதி அத்தான் இறந்தார். எட்டுச் செலவு முடிவதற்கு முன்னமே வாகனக்காரரின் ஆட்கள் காசோடு வந்து, "சமாதானமாகப் போவோம்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்கள். அக்கா கையெழுத்து வைக்கவில்லை. வைத்த குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த நேரச் சோற்றுக்கு வழியில்லாத வீட்டில்தான் அந்தக் கடிதம் நீளுகிறது. ஆனாலும் ஒரு சட்டத்தரணிக்குக் காட்டாமல் தயவுசெய்து வைக்காதீர்கள்.

திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னால் சொல்வதெல்லாம் பதிவாகும். அழுகையோடு "எங்களுக்கு ஒருவரிலும் சந்தேகமில்லை" என்று சொல்லிவிட்டு வராமல், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வாகனத்தின் காப்புறுதி விபரம் எல்லாம் பிறகு தேவைப்பட்டன.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராகப் பொலிஸ் வழக்குப் போட்டது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு. அது அரசு நடத்தும் வழக்கு. குடும்பம் அங்கே சாட்சி மட்டும்தான். அத்தானின் உழைப்பை இழந்ததற்கான நட்டஈட்டை மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும். அதற்குக் காலம் 2 வருடம். பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். முடியும் வரை காத்திருந்தால் உரிமை காலாவதியாகிவிடும். வழக்குப் போடும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாகனத்தால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் தீர்ப்புப் பணம் அங்கிருந்து வர வழி உண்டு.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நாங்களும் அங்கேதான் போனோம். முன்பு இழந்த வருமானத்தையும் செலவையும் மட்டுமே கேட்கலாமாம். 2019இன் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, அன்பையும் துணையையும் இழந்த வேதனைக்கும் நட்டஈடு கேட்கலாம் என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள். அதைக் கேட்டபோதுதான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்களைப் படாதபாடு படுத்தியது ஆவணங்கள்தான். கலியாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு எல்லாம் 2009இல் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன. பிரதேச செயலகத்தில் தேடிப் பிரதி எடுக்கவே காலம் ஓடியது. பதியாமலே கலியாணம் கட்டியவர்கள் வன்னியில் நிறைய. அவர்கள் இதை முதலே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும். வருமானத்தை நிரூபிப்பது அதைவிடச் சிக்கல். மேசன் வேலைக்கும் வயலுக்கும் யார் சம்பளத் துண்டு தருகிறார்கள்? அத்தானை வேலைக்குக் கூப்பிட்ட மேசன் பாஸின் கடிதம், நெல்லு விற்ற பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தில் இருந்த வயல் பதிவு, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அப்படிச் சேர்த்ததைப் பார்த்த பிறகுதான் எதிர்த்தரப்பு தொகை பற்றிப் பேசவே வந்தது.

கடைசியில் நீதிமன்றத்திலேயே இணக்கம் எழுதப்பட்டது. முதலில் கடிதத்தோடு வந்தவர்கள் காட்டிய காசைவிடப் பல மடங்கு. பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரில் வங்கியில் இருக்கிறது, 18 வயதில் எடுக்கலாம்.