ஃபேக்டரி பேரலைக் கழற்ற எந்தக் கருவி?

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பேரல் (குழல்) கழன்று வரவில்லை என்றதும் எல்லாரும் பழி போடுவது ரென்ச் மேல்தான். பாதிக்கு மேல் குற்றவாளி, பேரலைக் கவ்விப் பிடிக்கும் பேரல் வைஸ். பேரல் வைஸுக்குள் ஒரு மயிரிழை சுழன்றாலும் போதும், நீங்கள் கொடுக்கும் விசை மரைக்குப் போய்ச் சேராது; பேரலின் கருமைப் பூச்சு மட்டும் வளையம் வளையமாக உரிந்துவிடும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கு வைஸுக்கே போகட்டும்.

மேசையில் இருக்கும் சாதாரண வைஸில் தோல் சுற்றிப் பிடிப்பது வீண் வேலை. இரண்டு கனத்த எஃகுக் கட்டைகள், அரை அங்குலமோ அதற்கு மேலோ தடித்த போல்ட்டுகள், நடுவில் பேரலைச் சுற்றி உட்கார அலுமினியம் அல்லது கடின மரத்தில் ஒரு உறை (புஷ்): இவ்வளவுதான் நல்ல பேரல் வைஸ். சூட்சுமம் புஷ்ஷில் இருக்கிறது. பேரல் முன்னே போகப் போகச் சிறுக்கும். நேர்த்துளைப் புஷ் அதை ஒரு விளிம்பில் மட்டும்தான் கவ்வும். ஆகவே ரிசீவரை (பேரல் திருகி நிற்கும் துப்பாக்கியின் உடற்பாகம்) ஒட்டியுள்ள தடித்த பாகத்தில், முடிந்த அளவு பின்னால் பிடியுங்கள். பேரலையும் புஷ்ஷையும் அசிட்டோன் போட்டுத் துடைத்து, வழுக்காமல் பிடிக்க ரோசின் (பிசின்) பொடி தூவி இறுக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் ரோசின் பிடிக்காது. வைஸைத் தாங்கும் மேசை ஆடினால் இத்தனையும் வீண்.

ரென்ச்சில் இரண்டு வகை. வெளியிலிருந்து ரிசீவரின் முன்வளையத்தைக் கவ்வுவது ஒன்று. பின்பக்கமாக நுழைத்து, துப்பாக்கியின் போல்ட் (பேரலின் பின்வாயை மூடும் உருளை) ஓடும் தடங்களில் உட்காருவது இன்னொன்று. ஃபேக்டரியில் இறுக்கியதைக் கழற்ற என் ஓட்டு வெளி ரென்ச்சுக்கு. உள் ரென்ச் பேரலைத் திரும்பப் பூட்டும்போது சுகமாக இருக்கும். கழற்றுகையில், அளவு தளர்வாக இருந்தால் தடங்களின் ஓரத்தைச் சிதைத்துவிடும். மவுசர் 98-க்கு அடிப்பக்கம் தட்டையான ரென்ச் வேண்டும், ரெமிங்டன் 700-க்கு முழு வட்டம். 700-இல் ரிசீவருக்கும் பேரலுக்கும் நடுவே ரீகாயில் லக் (பின்னுதைப்பைத் தாங்கும் தகடு) செருகியிருக்கும். ரென்ச் அதன்மேல் ஏறக் கூடாது. ரிசீவரின் பின்வாலைப் பிடித்தோ, உள்ளே கம்பி செருகியோ திருப்பினால் ரிசீவரே முறுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் அது எடைக்குப் போட வேண்டிய இரும்பு.

சாவேஜ் 110 வேறு ரகம். அதில் பேரலை ரிசீவரோடு இறுக்கும் பேரல் நட் இருப்பதால், அதற்கென்றே உள்ள நட் ரென்ச்சும் வேண்டும்.

முதலில் தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். போல்ட், ஸ்டாக், ட்ரிகர், ஸ்கோப் எல்லாம் கழன்று வரட்டும். ஸ்கோப் பேஸின் முன் ஸ்க்ரூவை மறக்க வேண்டாம்: அது கொஞ்சம் நீளமாக இருந்தால் பேரல் மரையில் முட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் குழாய் மாட்டி இழுத்துக்கொண்டிருப்பீர்கள். இணைப்பில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். வைஸ் பிடிக்கும் இடத்தில் மட்டும் அது வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வலது மரைதான். ரிசீவரின் பின்னாலிருந்து பார்க்கும்போது அதை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கைப்பிடியைத் தொடர்ந்து இழுப்பதைவிட, துள்ளாத கனத்த சுத்தியலால் அதன் நுனியில் ஒரே அடி கொடுப்பது பலன் தரும். கழலும்போது ‘டக்’கென்று சத்தம் வரும், வைஸ் வழுக்கினால் ஒரு கீச்சல். இந்த இரண்டையும் காது பிரித்துக் கேட்டாக வேண்டும்.

அப்போதும் அசையவில்லையா? தீ கக்கும் காஸ் டார்ச்சை எடுக்காதீர்கள், ரிசீவர் வெப்பப் பதம் ஏற்றிய உருக்கு, பதம் போனால் திரும்பாது. பழைய பேரல் இனி வேண்டாம் என்றால், ரிசீவர் முகத்துக்குச் சற்று முன்னால் பேரல் தோளில் (ரிசீவரில் முட்டி நிற்கும் விளிம்பு) லேத்தில் ஒரு காடி வெட்டலாம். தோளின் இறுக்கம் விட்டுப்போய் பேரல் இளகிவிடும்.

புதிய பேரல் பூட்டினால், மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் கட்டாயம். எஜெக்டரையும் ஃபயரிங் பின்னையும் கழற்றிய போல்ட், ‘கோ’ கேஜில் மூட வேண்டும், ‘நோ-கோ’வில் மூடவே கூடாது. .308-இல் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்குதான். கண் மதிப்பில் அகப்படாது.